மண்ணில் கிடைக்கும் வெள்ளிக் காசு: எடுப்பதும் துலக்குவதும்

வீட்டுக்கு வாணம் தோண்டும்போது, பழைய மண்சுவரை இடிக்கும்போது, ஏலத்தோட்டத்தில் குழி எடுக்கும்போது வெள்ளிக் காசு கிடைத்தது என்ற செய்தி, பாலக்காடு, இடுக்கி எல்லைப் பக்கங்களில் குடியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களிடமிருந்து அவ்வப்போது காதில் விழுகிறது. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் மெட்டல் டிடெக்டரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். தாத்தா வீட்டுத் தோட்டத்தில் புதையல் தேடுவது அவர்களுக்கு விளையாட்டு. விளையாடட்டும். ஆனால் கருவி கத்திய பிறகு என்ன செய்வது, கிடைத்த காசை எப்படித் துலக்குவது, யாரிடம் சொல்வது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரயில்வேயில் இரும்போடு காலம் கழித்தவன் என்ற முறையில் உலோகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், காசுகளைப் பற்றிப் படித்தறிந்ததையும் இங்கே தருகிறேன்.

முதலில், நம் பக்கத்து மண்ணில் என்ன காசு இருக்கக்கூடும் என்று பார்ப்போம். மிக அதிகமாகக் கிடைப்பது வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே அங்கே இந்த ரூபாய்தான் புழங்கிற்று. 1835 முதல் எல்லா மாகாணங்களுக்கும் ஒரே மாதிரியாக அடிக்கப்பட்ட இந்தக் காசின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1840 முதல் விக்டோரியா ராணி என்றும், 1877 முதல் பேரரசி என்றும் எழுத்து மாறும். 1911இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்து பெரிய கலவரமாகி, அந்த அச்சையே மாற்ற வேண்டியதாயிற்று. வெளியே போனவை போக மீதியை உருக்கிவிட்டார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். 1940இல் போர்க்காலத் தட்டுப்பாட்டால் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளியே போய் நிக்கல் ரூபாய் வந்துவிட்டது.

இடுக்கிப் பக்கம் கதை வேறு. பீருமேடு, தேவிகுளம், உடும்பன்சோலை எல்லாம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தவை. அங்கே பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் என்பது ஏறக்குறைய துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், அரை கிராம் எடைகூடத் தேறாது. இதை விரலால் எண்ணி மாளாது என்பதற்காகவே குழிகள் செதுக்கிய மரப்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். காசைப் பலகையில் கொட்டி ஆட்டி, மேலே நிற்பதைக் கையால் வழித்துவிட்டால், குழிக்கு ஒரு காசு நின்றுவிடும். எத்தனை குழியோ அத்தனை காசு. பொறியியல் படித்தவர்கள் மெச்ச வேண்டிய கருவி அது.

இவற்றுக்கெல்லாம் மூத்தவையும் நம் பக்கத்து மண்ணில் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான் அகலமான, ஏற்றமில்லாத வழி. மேற்குக் கடற்கரையில் இறங்கிய வணிகர்களும் கொங்கு நாட்டு மணிகளையும் இரும்பையும் வாங்க வந்தவர்களும் இந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். 1861-62இல் மலபாரையும் போத்தனூரையும் இணைத்து இருப்புப்பாதை போட்ட பொறியாளர்களும் இதே வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மலை மாறாதபோது வழி எப்படி மாறும்? போத்தனூருக்கு அடுத்திருக்கும் வெள்ளலூரில் 1842இல் ஒரே குவியலாக 522 உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகளே அதில் மிகுதி. பின்னாளிலும் அதே ஊரில் மேலும் கிடைத்தன. உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. கணவாய்க்கு மேற்கே, திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் 1940களில் கிடைத்த குவியலில் உரோமப் பொற்காசு, உரோம வெள்ளிக் காசு, நம் நாட்டு முத்திரைக் காசு மூன்றும் ஒன்றாக இருந்தன. இடுக்கி மலைக்குக் கிழக்கு அடிவாரமான போடிநாயக்கனூரிலும் முத்திரைக் காசுக் குவியல் ஒன்று கிடைத்திருக்கிறது. அவற்றின் பின்புறம் உள்ள மீன் குறியை வைத்து, அவை பாண்டியர் வெளியிட்டவை என்று ஆய்வாளர் கருதுகிறார்கள்.

முத்திரைக் காசு என்றால் பலருக்குத் தெரிவதில்லை. அது பெரும்பாலும் வட்டமாக இராது. சதுரமும் நீள்சதுரமுமாக வெட்டிய, மூலை நறுக்கிய வெள்ளித் துண்டு. எடை மூன்றேகால் கிராமை ஒட்டி வரும். எழுத்து இல்லை, தலை இல்லை. சூரியன், மரம், யானை என்று சில குறிகள் தனித்தனி அச்சால் குத்தப்பட்டிருக்கும். மண்ணிலிருந்து வரும்போது உடைந்த தகரத் துண்டு போலவே தெரியும். இங்கேதான் ஆபத்து.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பழைய வீட்டைப் பிரித்தபோது அடுப்படிச் சுவருக்குள் ஒரு செம்பு இருந்தது. அதில் விக்டோரியா ரூபாய்கள், அடியில் ஒரு கைப்பிடி கறுத்த சில்லுகள். வீட்டு அம்மாள் ரூபாய்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சில்லுகளையும் அப்படியே தேய்த்ததில் நாலைந்து முறிந்துபோயின. மீதியை நகைக்கடையில் எடைக்குப் போட்டார்கள், அவர்கள் உருக்கிவிட்டார்கள். நான் போனபோது ரூபாய்கள் மட்டும் இருந்தன. "அழுக்குத்தானே அண்ணா, தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தேன்" என்றார் அவர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் அப்படித்தானே காலங்காலமாகத் தேய்த்து வருகிறோம். ஆனால் அந்தச் சில்லுகள் என்ன காசு, எந்தக் காலத்தது, விக்டோரியா ரூபாயோடு எப்படி வந்து சேர்ந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

சரி, கருவிக்கு வருவோம். மெட்டல் டிடெக்டரில் வட்டமான தட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மாறுமின்னோட்டம் பாய்ந்து, கீழே உள்ள மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. புலம் ஒரு உலோகத் துண்டைத் தொட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்ப, இரண்டாவது சுருள் அதை வாங்கிக்கொள்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பிந்துகிறது என்பதைக் கொண்டு கருவி உலோகத்தின் வகையை ஊகிக்கும். உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. ஆகவே வெள்ளி ரூபாய் தெளிவான உயர்ந்த ஒலியைத் தரும். சக்கரம் போன்ற பொடிக் காசுக்கு ஒலி மங்கலாகத்தான் இருக்கும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881இல், சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் தோட்டாவைத் தேட இப்படி ஒரு கருவியைக் கொண்டுபோனார். தோட்டா அகப்படவில்லை. படுக்கையில் இருந்த கம்பிச்சுருள்கள் குழப்பிவிட்டன என்பார்கள். கருவி சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

நம் பக்கத்தில் குழப்புவது வெட்டுக்கல் மண். கேரளத்துச் செம்மண்ணிலும் வெட்டுக்கல்லிலும் இரும்பு ஆக்சைடு நிறைய. மண்ணே கருவிக்குப் பதில் சொல்லும். விலை குறைந்த கருவி நிற்காமல் கத்திக்கொண்டே இருக்கும். மண்ணுக்குத் தக்கபடி சரிசெய்யும் திருகு உள்ள கருவியாக இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் தட்டை ஏற்றி இறக்கி முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தனிக் காசு ஒரு சாண் ஆழத்துக்குள் இருந்தால் அகப்படும், அதற்குக் கீழே போனால் சந்தேகம். பெரும்பாலும் கிடைக்கப்போவது சோடா மூடியும் பான்மசாலாப் பொட்டலத்துத் தாளும்தான். மூணாறுப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. குண்டளைப் பள்ளத்தாக்கில் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. அந்தத் தடத்தில் கருவி பிடித்தால் காசுக்கு முன்னால் இருப்புப்பாதை ஆணிதான் கத்தும். எனக்கு அந்த ஆணி கிடைத்தாலே போதும் என்பது வேறு விஷயம்.

எங்கே தேடலாம்? சொந்த நிலத்தில், சொந்த வீட்டு முற்றத்தில். பிறர் நிலமானால் உடையவரைக் கேட்காமல் கூடாது. காட்டு நிலத்திலும் இருப்புப்பாதை ஓரத்திலும் நுழைந்து தோண்டுவது குற்றம். மறையூர் முனியறை போன்ற பெருங்கற்கால ஈமச் சின்னங்கள், கோட்டை, பழங்கோயில் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம். முனியறைக்குள் ஒரு பொருள் எந்த மட்டத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். ஒரு குழி தோண்டிவிட்டால் அந்தச் சாட்சி போய்விட்டது.

குவியலாகக் கிடைத்தால் செய்ய வேண்டியது, தோண்டுவதை நிறுத்துவது. 2010இல் இங்கிலாந்தில் ஃப்ரோம் என்ற ஊருக்கருகே டிடெக்டரோடு வயலில் நடந்த ஒருவர், பானையின் வாயும் சில காசுகளும் தெரிந்ததும் நிறுத்திவிட்டு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். தொல்லியலாளர் வந்து பானையை இருந்த இடத்திலேயே வைத்து அடுக்கடுக்காக எடுத்தார்கள். 52,503 உரோமக் காசுகள். எந்த அடுக்கில் எந்தப் பேரரசரின் காசு என்று குறித்ததால்தான், புதைத்தவர்கள் எப்படி அதை நிரப்பினார்கள் என்பதை ஆராய முடிந்தது. அவர் ஆசைப்பட்டு வாளியில் அள்ளியிருந்தால் வெறும் செப்புக் குப்பையாகப் போயிருக்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் தொழிலுறுதித் திட்டத்துப் பெண்கள் ரப்பர் தோட்டத்தில் மழைநீர்க் குழி தோண்டினார்கள். ஒரு பாத்திரம் கிடைத்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வெடிகுண்டோ என்று முதலில் பயந்தார்கள். பிறகு பார்த்தால் முத்துமணி, பொன் பதக்கம், வெள்ளிக் காசு. அவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை, பஞ்சாயத்துக்கும் போலீசுக்கும் சொல்லி ஒப்படைத்தார்கள். அரசு தொல்லியல் துறை பார்த்தபோது வெனிஸ் நாட்டுப் பொற்காசு, வீரராயன் பணம், அறக்கல் அலிராஜா காசு, பிரெஞ்சுக்காரர் காசு என்று ஒரு கடற்கரையின் வணிகம் முழுவதும் அந்தப் பாத்திரத்தில் இருந்தது தெரிந்தது. கூலி வேலைக்குப் போன பெண்கள் செய்ததை, படித்த நாம் செய்ய யோசிக்கலாமா?

சட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் நடப்பில் இருக்கிறது. கேரளத்துக்கு 1968ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் உண்டு. போடியிலோ பொள்ளாச்சியிலோ கிடைத்தால் முன்னது, நெடுங்கண்டத்திலோ சித்தூரிலோ கிடைத்தால் பின்னது. இரண்டிலும் முதல் கடமை கலெக்டருக்கு அறிவிப்பதுதான். 1878 சட்டப்படி, என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கொடுத்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடு காட்ட வேண்டும். உரிமை கோரி யாரும் வரவில்லை, உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு வைத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தரும். மறைத்தால் பங்கும் போயிற்று, ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆக, சொன்னவருக்கு ஏதாவது கிடைக்க வழியுண்டு. மறைத்தவருக்கு நகைக்கடையில் எடைக் காசுதான், அதுவும் பயத்தோடு.

இனித் துலக்குவது. காசின் மேல் இருப்பது எல்லாம் அழுக்கு அல்ல. காற்றிலும் மண்ணிலும் உள்ள கந்தகத்தோடு சேர்ந்தால் வெள்ளி கறுக்கும். அது வெள்ளி சல்ஃபைடு. மண்ணில் உப்பு இருந்தால் வெள்ளி குளோரைடு உண்டாகும். அது சாம்பல் நிறத்தில் மெழுகு போல, நகம் பட்டால் பள்ளம் விழும்படி இருக்கும். கலப்பில் உள்ள செம்பு வெளியே வந்து பச்சைக் களிம்பாகவும் படியும். இந்தப் படிவுகளில் உள்ள வெள்ளியும் செம்பும் காசின் உடம்பிலிருந்தே வந்தவை. சில காசுகளில் எழுத்தும் உருவமும் இந்தப் படிவில்தான் நிற்கின்றன. தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளி, உள்ளே செம்பு கரைந்துபோய்ப் பொரித்த அப்பளம் போல முறியவும் கூடும். சில்லுகள் முறிந்தது அதனால்தான்.

எனவே முதல் வேலை எதையும் துலக்காமல் எடை போடுவது, விட்டத்தை அளப்பது, இரு பக்கமும் படம் எடுப்பது. பிறகு பிரிக்க வேண்டும். ரூபாய் என்று ஐயமறத் தெரிவது ஒரு பக்கம். உருத் தெரியாத சில்லு, சதுரத் துண்டு, மூக்கும் கழுத்துமாக வெளிநாட்டுத் தலை உள்ள தடித்த சிறு காசு, ஒன்றோடொன்று ஒட்டிய கட்டி ஆகியவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையை நாம் தொடக்கூடாது. மண்ணோடு அப்படியே தாளில் சுற்றித் தொல்லியல் துறைக்குப் போகட்டும். அங்கே இரசாயனப் பகுதி இருக்கிறது. 2019இல் கிளிமானூரில் ஒருவர் நிலத்தில் கிடைத்த இருபது கிலோவுக்கு மேற்பட்ட திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகளையும் களிம்பு நீக்க அங்கேதான் அனுப்பினார்கள்.

சட்டப்படி உங்களுடையது என்று ஆன ரூபாய்களுக்கு மட்டும் வீட்டு வைத்தியம். பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் தாது நீக்கிய தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காசைப் போட்டு ஒரு நாள் வையுங்கள். பேட்டரி அமிலத்தை வாங்கிவிடாதீர்கள், தண்ணீர்தான். மறுநாள் தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகும் வரை இப்படியே சில நாள். இளகிய மண்ணை மெல்லிய தூரிகையால், அல்லது கூர்மையில்லாத மூங்கில் குச்சியால், தண்ணீருக்குள் வைத்தே தள்ளுங்கள். பிறகு பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். கறுப்பு நிற்கட்டும். காசு சேகரிப்பவர்கள் இயற்கையாகக் கறுத்த காசுக்குத்தான் கூடுதல் விலை தருவார்கள். தேய்த்துப் பளபளத்த காசை அடையாளம் கண்டு குறைத்துவிடுவார்கள்.

நினைவுப்பொருளாக வைக்க ஒன்றிரண்டு ரூபாயாவது வெளுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், தேய்ப்பதைவிட ஒரு நல்ல வழி உண்டு. பாத்திரத்தில் அலுமினியத் தாளைப் பரப்பி, அதன்மேல் காசு படும்படி வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுங்கள். அலுமினியம் தான் கரைந்து, கறுப்பில் உள்ள வெள்ளியை மீண்டும் வெள்ளியாகவே காசில் விட்டுவிடுகிறது. கந்தகம் அழுகிய முட்டை வாடையாகப் போகும், சன்னலைத் திறந்து வையுங்கள். கலத்தில் நடக்கும் மின்வேதியியலேதான் இது.

புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, உப்பு எதுவும் வேண்டாம். புளிப்பு செம்பைத் தின்னும், பொடி வெள்ளியைச் சுரண்டும், உப்பு மறுபடியும் குளோரைடை உண்டாக்கும். அமோனியா நல்லது என்று சிலர் சொல்வார்கள். வெள்ளி கரைந்த அமோனியாக் கரைசலைக் கிண்ணத்தில் விட்டு உலர வைத்தால், தொட்டாலே வெடிக்கும் பொருள் உண்டாகலாம். வீட்டில் அந்தப் பேச்சே கூடாது.

1940க்கு முந்தியதா பிந்தியதா என்று ஆண்டு தேய்ந்துபோன ரூபாய் குழப்பினால், சுரண்டாமல் பார்க்க ஆர்க்கிமிடீஸ் வழி இருக்கிறது. கிராமில் நூறிலொரு பங்கு காட்டும் சிறு மின்தராசு வேண்டும். காசை முதலில் எடை போடுங்கள். பின், தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்கி, நூலில் கட்டிய காசைத் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, கிண்ணத்தைத் தொடாமல், தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது இடம்பெயர்ந்த நீரின் எடை. முதல் எடையை இதனால் வகுக்க வேண்டும். காசு 11.50 கிராம், நீர் 1.11 கிராம் என்றால் 10.36 வரும். பத்தேகாலுக்கு மேல் நின்றால் பழைய வெள்ளி. ஒன்பதரையை ஒட்டி வந்தால் பாதி வெள்ளிக் காசு. காசு தேய்ந்து எடை குறைந்திருந்தாலும் இந்த விகிதம் மாறாது என்பதுதான் இதன் அழகு. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள்.

வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் ரப்பர் இல்லாத வீடு குறைவு. ரப்பர் வளையத்தைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அதில் காசைக் கட்டி வைத்தால் வளையம் பட்ட இடம் கறுங்கோடாகிவிடும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. நாற்றமடிக்கும் மெல்லிய பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும். அமிலமில்லாத தாளில் தனித்தனியே மடித்து, மூடி இறுகிய டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று போட்டு வைத்தால் போதும். மழைக்காலத்துக்குப் பின் பொட்டலத்தை மாற்றுங்கள்.

கடைசியாக, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசும் தொல்பொருளே. அதைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. விக்டோரியா, எட்வர்டு ரூபாய்கள் எல்லாமே நூறைத் தாண்டிவிட்டன. ஜார்ஜ் மன்னரின் தொடக்க ஆண்டுக் காசுகளும் தாண்டிவிட்டன. "பாட்டி நினைவாக இருக்கட்டும்" என்று பேத்தியின் கைப்பெட்டியில் ஒரு ரூபாயைப் போட்டு அனுப்பினால், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவள் பேத்திதான். காசின் இரு பக்கப் படத்தையும், எங்கே, எப்போது, யார் கையால் கிடைத்தது என்று நீங்கள் எழுதிய ஒரு தாளையும் கொடுத்து அனுப்புங்கள். காசு டப்பாவில் இங்கேயே இருக்கட்டும்.